சுறா என்று வந்த இறைச்சி

அண்ணா, நீங்கள் கொண்டுவந்தது சுறா இல்லை. வெட்டும்போதே அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எனக்குத் தின்னத் தந்தீர்கள், ஊருக்கு விற்றீர்கள், கடைசியில் பழியை மீன்கார அக்காவின் தலையில் போட்டீர்கள்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. வாசிக்கிறவர்களுக்கு எங்களைத் தெரியாது என்பதால் நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் வீடு வன்னியில், உருத்திரபுரத்தில். அப்பாவைப் பெற்றவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். வாய்க்கால் தண்ணீரும் நெல்லும்தான் எங்களுக்குத் தெரியும். கடல் தெரியாது. அண்ணன் மட்டும் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு ஒரு கூலர் வாகனம் எடுத்தார். கொக்கிளாய்க்குப் போய், கரையில் மீனவர் போட்டிருக்கும் வாடிகளில் மீனை வாங்கி, ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, இங்கே வீடு வீடாக விற்கிறவர்களுக்குக் கொடுப்பார். கதைக்கக் கூடியவர். அதனால் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரைத்தான் தலைவராக வைத்திருக்கிறார்கள்.

அவரிடம் மீன் எடுத்து எங்கள் பக்கம் விற்றது ஒரு அக்கா. அக்கராயனில் இருக்கிறா. தாயும் தகப்பனும் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர்கள். ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவா. ஹோர்ன் அடித்த கையோடு அம்மாவைச் சீண்டத் தொடங்கிவிடுவா. "அம்மா, நேத்து வாங்குன சூடை மீன இன்னும் கழுவிக்கிட்டா இருக்கீங்க?" என்பா. அம்மா மீனின் செவுளை விரித்து விரித்துப் பார்ப்பா. அக்கா விடமாட்டா. "பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே, அதுக்கு என்ன சீதனமா கேக்குது?" என்பா. அம்மா சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பா. பல வருடப் பழக்கம்.

போன மாரியில் எனக்குப் பிள்ளை பிறந்தது. முதல் பிள்ளை. பால் வரவில்லை என்றே சொல்லலாம். பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டுக் கத்தும். கிளினிக் மருத்துவமாது வந்து பார்த்து, தொடர்ந்து கொடு, தானாக வரும் என்று சொல்லிவிட்டுப் போனா. அம்மாவுக்கு அது காணாது. பெற்றவளுக்குச் சுறா கொடுக்கவேண்டும், சுறா தின்றால்தான் பால் சுரக்கும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மருத்துவமாதுவின் தாயும் மகளுக்குச் சுறாதான் அவித்துக் கொடுத்திருப்பா.

ஆனால் அந்தக் கிழமை முழுக்கக் கடல் குழம்பிக் கிடந்தது. சுறா இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் அண்ணனைக் கேட்பா. ஒவ்வொரு நாளும் அண்ணன் இல்லை என்பார். பிறகு ஒரு காலை, பெரிய பொலித்தீன் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகக் குசினிக்குள் வந்தார்.

"இந்தாங்கோ. ஊருக்குக் குடுக்க முன்னம் தங்கச்சிக்கு எடுத்து வந்தனான்."

அம்மா பையைத் திறந்து ஒரு துண்டை வெளியே எடுத்துப் பார்த்தா. இறைச்சி கறுத்த சிவப்பு. சுறா வெள்ளையாக இருக்கும். சுறாவின் தோலில் மணல் ஒட்டினது போல் சொரசொரப்பு இருக்கும், சுடுதண்ணீரில் போட்டுச் சுரண்டி எடுக்கவேண்டும். இதில் தோலே இல்லை. ஓரத்தில் கைத் தடிப்பில் வெள்ளைக் கொழுப்பு நின்றது.

"இது என்னடா, மாடு மாதிரிக் கிடக்கு?"

"ஆழ்கடல் சுறா அம்மா. அடியிலை வெளிச்சம் இல்லாத இடத்திலை கிடக்கிறது. அதுதான் இறைச்சி கறுப்பு."

வெளிச்சம் இல்லாவிட்டால் இறைச்சி கறுக்குமா என்று அம்மா யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

அம்மா அவித்தா. சுறாவை அவித்தால் விரலால் தொட உதிரும், பஞ்சு போல வரும், அதைப் பிழிந்து தேங்காய்ப்பூவும் மிளகும் உள்ளியும் போட்டு வறுத்தால் வறை. இது உதிரவில்லை. நார் நாராக இழுபட்டது. சட்டியில் எண்ணெய் மிதந்தது. ஒரு துண்டுக்குள் எலும்பு இருந்தது. அம்மா அதைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்தா. டக்கென்று சத்தம் கேட்டது. சுறாவில் எலும்பு கிடையாது, குருத்துத்தான். அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. எத்தனை சுறா அவித்தவா. ஆனாலும் மகன் சொன்னதைத்தான் நம்பினா, அல்லது நம்பின மாதிரி இருந்தா. வெட்டிக் குத்தி மிளகைக் கூடப் போட்டு வறை என்று ஒன்றைச் செய்து தந்தா. நான் சோற்றோடு குழைத்துத் தின்றேன். எருமைத்தோல் போல் இருந்தது. முழுதும் தின்றேன்.

அன்று பின்னேரம் அக்கா வந்தா. பகிடி ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து காட்டி, "ஒங்க அண்ணே சொறான்னு சொல்லிக் குடுத்தாரு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. நாலு வீட்டுக்குக் குடுத்துட்டேன். நீங்க பாத்து சொல்லுங்கம்மா" என்றா. அம்மா, "அவன் எங்களுக்கும் அதைத்தான் தந்தவன், என்ரை பிள்ளையே திண்டவள்" என்று சொல்லி அனுப்பினா. அந்தச் சொல்லை நம்பித்தான் அக்கா மிச்சத்தையும் விற்றா. இதை ஊரில் ஒருவரும் பேசுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இரண்டொரு நாளில் எனக்குப் பால் வந்தது. நன்றாக வந்தது. அம்மா ஊரெல்லாம் சொன்னா. மகன் கொண்டுவந்த சுறா என்று சொன்னா.

பிறகு அந்த வீடியோ வந்தது. கொக்கிளாய்க் கரையில் யாரோ பெடியன் ஃபோனில் எடுத்தது, கைமாறிக் கைமாறி எங்கள் ஊர்வரை வந்தது. ஈர மணலில் கன்னங்கரேலென்ற பெரிய உடல் ஒன்று கிடக்கிறது. கண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளைத் திட்டு, வயிறு வெள்ளை, முதுகில் நிமிர்ந்த ஒற்றைச் செட்டை. மூன்று நாலு பேர் வெட்டுகிறார்கள். லண்டனில் இருக்கிற எங்கள் உறவு ஒன்று உடனே எழுதியது: இது ஓர்கா, திமிங்கிலச் சாதி, குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சீவன், இதைத் தொட்டாலே சட்டப்படி குற்றம். வாங்கித் தின்ற வீடுகளில் சிலர் வாந்தி எடுத்தார்கள். தின்று பல நாளுக்குப் பிறகு எப்படி வாந்தி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது. கோயில்காரர் மாட்டைத் தின்றதற்குச் சமம் என்றார்கள்.

சங்கக் கூட்டம் கூடியது. மண்டபம் கோயிலுக்குப் பக்கத்தில். எனக்குத் துடக்குக் கழியவில்லை, பெற்றவள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ஆனால் கூட்டத்துக்குக் கோயில் ஒலிபெருக்கியைத்தான் போடுவார்கள். நான் அறைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

அண்ணன் நன்றாகக் கதைத்தார். மிருகக்காட்சிச்சாலைக்காரன் போலக் கதைத்தார். தான் கொண்டுவந்தது ஆழ்கடல் சுறா என்றார். சாதாரணச் சுறாவுக்கு முதுகில் இரண்டு செட்டை, ஆழ்கடல் சுறாவுக்கு ஒன்று, தான் கண்ணால் பார்த்ததில் ஒன்றுதான் இருந்தது என்றார். வீடியோவில் இருக்கும் சாமானுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அந்த மனுசி வேறு எங்கேயோ மலிவாக எடுத்து, என்னுடைய சுறாவோடு கலந்து விற்றிருக்கிறாள், நானே ஏமாந்து போனேன் என்றார்.

கூட்டத்தில் யாரோ, "தோட்டக்காட்டுச் சனம் எதையும் தின்னும், எதையும் விக்கும்" என்றார்.

சிரித்தார்கள். ஒருவர் இருவர் இல்லை. ஒலிபெருக்கி அந்தச் சிரிப்பை வயல்வரை கொண்டுபோனது. அண்ணன் சிரித்தாரா தெரியாது. நிறுத்தச் சொல்லவில்லை, அது தெரியும். அதற்குப் பிறகு அக்கா இந்த ஊருக்குள் மீன் விற்க வரக் கூடாது என்று தீர்மானம் எடுத்தார்கள். எதிர்க்க ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்து அம்மாவும் போயிருந்தா.

எனக்குக் காது சுட்டது. பிள்ளையை மார்பில் இருந்து எடுத்துவிட்டேன். கத்தியது. திரும்பக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

அடுத்த நாளில் இருந்து ஃபோனை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் அவருடைய கெட்டித்தனம். ஒற்றைச் செட்டைச் சுறா ஒன்று உண்மையாகவே இருக்கிறது. ஆழத்தில் கிடக்கும், பக்கத்துக்கு ஆறு செவுள் வெட்டு, பச்சைக் கண். ஆனால் அதன் செட்டை முதுகின் கடைசியில், வாலுக்குக் கிட்ட, சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஓர்காவின் செட்டை நடு முதுகில் வேலிக்கு நடுகிற கதியால் போல் எழும்பி நிற்கும். சுறாவின் வால் நிமிர்ந்து நின்று இடமும் வலமுமாக அடிக்கும். ஓர்காவின் வால் படுத்துக்கிடந்து மேலும் கீழுமாக அடிக்கும். வீடியோவில் வால் படுத்துக்கிடக்கிறது. சுறா வாயால் எடுத்த தண்ணீரைச் செவுளால் விட்டு மூச்சு விடும். ஓர்காவுக்குச் செவுள் இல்லை, தலை உச்சியில் ஒரு துளை, எங்களைப் போல் காற்று வேண்டும், மேலே வராவிட்டால் செத்துவிடும். சுறாவுக்குக் குருத்து, ஓர்காவுக்கு எலும்பு. அம்மா கத்தியால் தட்டினாவே, அந்த எலும்பு.

சுறா தன் எண்ணெய் எல்லாவற்றையும் ஈரலில் வைத்திருக்குமாம். ஓர்கா தோலுக்குக் கீழே கொழுப்பாகப் போர்த்திருக்குமாம். எங்கள் சட்டியில் மிதந்தது அந்தப் போர்வை. வேறு கடல்களில் ஓர்காக்கள் சுறாவைப் பிடித்துக் கிழித்து ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போகுமாம். சுறாவைத் தின்கிற சீவனைத்தான் நாங்கள் சுறா என்று தின்றிருக்கிறோம்.

அந்த ஆழ்கடல் சுறா ஒரே தடவையில் குட்டிகளைக் கூட்டமாகப் போட்டுவிட்டுத் தன் பாட்டில் போய்விடும். ஓர்கா ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட வயிற்றில் சுமந்து ஒரு குட்டி போடும். ஒரு வருடத்துக்கு மேல் பால் கொடுக்கும். தாயைச் சுற்றித்தான் குடும்பமே திரியும். ஆண் ஓர்கா எவ்வளவு வளர்ந்தாலும் தாயை விட்டுப் போகாதாம், தாய் பிடித்த மீனில் பங்கு வாங்கித் தின்னுமாம். இதை வாசித்தபோது எங்கள் வீட்டை நினைத்துச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும், அண்ணன் தெரியாமல் செய்திருப்பார் என்று நினைக்க ஒரு இடம் இருந்தது. அதைத் தேடித்தான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். முதலில் எல்லாரும் சத்தத்தைக் குறைத்துத்தான் பார்த்தோம், காற்றின் இரைச்சல் அப்படி. நான் ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

வயிற்றுப் பக்கம் கத்தி இறங்குகிறது. வெள்ளையாக ஏதோ மணலில் வழிகிறது. வெட்டினவன் கத்தியை எடுத்துவிட்டுப் பின்னால் போகிறான். "பால் வருது" என்கிறான். "குட்டி போட்டதாக்கும். வேண்டாம், விடுவம்." அப்போது படத்தில் தெரியாத ஒரு ஆள் சொல்கிறார்:

"கொழுப்படா அது. வெட்டு. நான் வாகனத்திலை ஏத்திறன்."

அந்தக் குரலோடு நான் ஒரே வீட்டில் வளர்ந்தவள். எனக்குச் சைக்கிள் பழக்கின குரல்.

நான் என் உடுப்பைப் பார்த்தேன். முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளை நித்திரை. யாருக்கும் கொடுக்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. அந்தச் சீவனுக்கும் அப்படித்தான் வழிந்திருக்கும். அதன் குட்டி எங்கே போனது என்று வீடியோவில் இல்லை. என் வெட்கத்தை இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. மருத்துவமாது சொல்கிறா, உனக்கு எப்படியும் பால் வந்திருக்கும், இறைச்சியால் இல்லை என்று. இருக்கலாம். தின்றது தின்றதுதான்.

அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது குசினியில் வைத்தே கேட்டேன்.

"சுறாவுக்கு முலை இருக்கோ அண்ணா?"

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டா. அண்ணன் சோற்றைக் குழைத்துக்கொண்டே, "பிள்ளை பெத்துக் கிடக்கிறவள், உனக்கேன் உந்தக் கதை?" என்றார்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"கடலிலை ஆயிரம் சாமான் கிடக்கு. எல்லாத்துக்கும் பேர் தெரிஞ்சோ தின்னுறம்?"

"பேர் நீங்கள்தான் சொன்னீங்கள். ஆழ்கடல் சுறா எண்டு. ஒருத்தரும் கண்டிராத சாமானாப் பாத்துப் பேர் வைச்சிருக்கிறீங்கள்."

ஃபோனை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். தன் குரலைக் கேட்டதும் அவர் கை நின்றது. பிறகு கையைக் கழுவினார். கோபப்படவில்லை. அதைவிடக் கோபப்பட்டிருக்கலாம்.

"வனவிலங்குக்காரர் கரையிலை நிண்டு விசாரிக்கிறாங்கள். நான் ஓம் எண்டால் வாகனத்தைக் கொண்டுபோடுவாங்கள். பிறகு இந்த வீட்டிலை அடுப்பு எரியாது. அவளுக்கு என்ன, இந்த ஊர் இல்லாட்டி இன்னொரு ஊர்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல், "அவன் சொல்லுறதும் ஞாயம்தானே பிள்ளை" என்றா.

துடக்குக் கழிந்த பிறகு என் கணவரோடு மோட்டார் சைக்கிளில் அக்கராயனுக்குப் போனேன். பிள்ளையையும் கொண்டுபோனேன். அக்கா கச்சான் கடலை பிடுங்கும் கூலிக்குப் போய் அப்போதுதான் வந்திருந்தா. நகம் எல்லாம் மண். இன்னொரு ஊர் என்று அண்ணன் சொன்னாரே, அந்த ஊர்களுக்கும் கதை போய்விட்டது. எங்கே ஹோர்ன் அடித்தாலும் வாசல் படலை திறக்கவில்லை. ஸ்கூட்டிக்கு லீசிங் கட்ட முடியாமல் அதையும் திருப்பிக் கொடுக்கிற நிலைமை.

"புள்ளய இந்த வெயில்ல தூக்கிட்டு வந்தீங்களா" என்று ஏசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினா. நான் அழத் தொடங்கினேன். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்தா. அந்தக் குரலைக் கேட்டும் அவவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நாங்க எதையும் திம்போம்னு சொன்னாங்களாமே. நான் சொறாவே திங்கிறதில்ல தங்கச்சி. நாத்தம்."

அதற்குச் சிரிக்க என்னால் முடியவில்லை. அவதான் கொஞ்சம் சிரித்தா. பிறகு பிள்ளையை என் மடியில் தந்துவிட்டுச் சொன்னா:

"ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வாசல்ல வச்சி நீங்க அழுதா அது எனக்கு எதுக்கு ஒதவும்? என்னைய ஏசுனது கூட்டத்துல. சொல்றத ஒங்க அண்ணன அங்க வந்து சொல்லச் சொல்லுங்க. நான் வந்து நிக்கிறேன்."

வரும் வழியில் பிள்ளைக்குக் குலுங்காமல் கணவர் மெதுவாக ஓட்டினார். வீட்டுக்குக் கிட்ட வந்ததும், மச்சானோடு பகைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பகைத்துவிட்டேன். அண்ணா, நான் எழுதுவது உங்களுக்குத் தெரிந்து, வீட்டுக் கதையை வெளியில் கொண்டுபோகாதே என்று ஆள் அனுப்பினீர்கள். இது வீட்டுக் கதை இல்லை. வீட்டுக்குள் என்றால் நீங்கள் என் பிள்ளைக்கு மாமன், எனக்குச் செய்த எல்லாவற்றுக்கும் நான் உங்களுக்குக் கடமைப்பட்டவள். இது ஊர் முன்னால் நீங்கள் ஒரு மனுசியின் பிழைப்பை முறித்த கதை. வாகனம் போகட்டும். கூலிக்குப் போகலாம், அக்கா போகிறா. அம்மாவை நான் பார்ப்பேன்.

வாற மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் நீங்கள்தான், மேசைக்குப் பின்னால் இருப்பீர்கள். நான் பிள்ளையோடு முன்வரிசையில் இருப்பேன், எனக்குப் பக்கத்துக் கதிரையில் அக்கா இருப்பா. எழும்பி நின்று, சிரித்த அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லுங்கள் அண்ணா: அந்த இறைச்சி யாருடைய வாகனத்தில் இந்த ஊருக்குள் வந்தது? பால் வருது என்று அவன் கத்தியை எடுத்தபோது, வெட்டு என்று சொன்னது யார்?